மலைக்காற்றுக்கு ஒரு துளை

அந்த மோட்டார் சைக்கிளை என் கணவர் வாங்கிவந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கம். பெருமாள்மலையில், கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்கள் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, தகரக் கூரை போட்ட ரிப்பேர் ஷெட் ஒன்று அவருக்கு இருந்தது. ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. தோட்டக்காரர்களின் ஆயில் இன்ஜினும் மருந்தடிக்கும் பம்பும்தான் அவருடைய பிழைப்பு. வில்பட்டி, பண்ணைக்காடு என்று தோட்டம் தோட்டமாகப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸையும் லாரியையும் நம்பினால் ஒரு வாஷர் மாற்றி வருவதற்குள் ஒரு பகல் போய்விடும். அதனால், மதுரையிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு டாக்டரிடம் கேட்டு வாங்கிய வண்டி அது. முந்நூற்றைம்பது சி.சி., கறுப்பு நிறம்.

மதுரையிலிருந்து அவரே ஓட்டிவந்தார். வத்தலக்குண்டு வரை பறந்து வந்த வண்டி, மலை ஏற ஏற இருமத் தொடங்கியதாம். நான் வாசலில் நின்றிருந்தேன். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. நாலு அடி தெளிவாக விழும். ஐந்தாவது அடி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். பின்னால் கறுப்புப் புகை.

"எப்படி இருக்கு?" இறங்கியதும் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அழகாத்தான் இருக்கு. ஆனா அஞ்சாவது அடியை முழுங்குதே, ஏன்?"

சிரிப்பு நின்றது. "உனக்குக் கேட்டுச்சா?"

எனக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்? நான் பழனிக்காரி. அப்பாவும் சித்தப்பாவும் கோவிலில் நாகசுரம் வாசித்தவர்கள். பெரியமாமா தவில். எங்கள் வீட்டுப் பெண்களின் கையில் யாரும் வாத்தியத்தைக் கொடுத்ததில்லை. ஆனால் காதை யார் மூட முடியும்? அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளறையில் சித்தப்பா நாகசுரத்தின் ஊதும் நாக்கான சீவாளியை மாற்றிவிட்டார் என்று தெரிந்துவிடும். இவர் எனக்கு அத்தை மகன். வாத்தியத்தின் பக்கம் போகாமல் திண்டுக்கல்லில் மோட்டார் வேலை கற்றுக்கொண்டவர். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேசிக்கொள்ள அதிகமாக எதுவும் இருக்கவில்லை. சாப்பாடு, மழை, யார் வந்தார்கள், யார் போனார்கள், அவ்வளவுதான். அந்த ஐந்தாவது அடிதான் நாங்கள் இருவரும் சேர்ந்து யோசித்த முதல் விஷயம்.

மறுநாள் இன்ஜினுக்குள் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினார். விளக்குக் கரி பூசியதுபோல் இருந்தது. "பெட்ரோல் முழுசா எரியலை. கரியாத் தங்குது. நல்லா எரிஞ்சா பிளக்கு காப்பித்தூள் நெறத்துல இருக்கணும்" என்றார்.

பெட்ரோலில் கலப்படம் என்று சந்தேகப்பட்டு வேறு இடத்தில் வாங்கிப் பார்த்தார். பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பிளக்கைப் புதிதாக மாற்றினார். எதுவும் சரிவரவில்லை. தண்ணீர் ஊற்ற நின்ற பஸ் டிரைவர் ஒருவர், "மேல வந்தா எல்லா வண்டிக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும்ங்க. மனுசனுக்கே வாங்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், குழாயடியிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினால் எனக்கு நெஞ்சு அடைக்கும். பருப்பும் அப்படித்தான். பழனியில் வேகும் நேரத்தில் இங்கே வேகவே வேகாது. விறகு ஈரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க காத்து சன்னமா இருக்கோ?" என்று அவரிடம் கேட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "ஆமா. காத்து கொறைஞ்சு போச்சு. ஆனா பெட்ரோல் மட்டும் மதுரையில வந்த அளவுக்கே வருது. அதான் கரி." பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஷெட்டுக்குப் போனார். சோறு ஆறிப்போனது. எனக்கும் கோபம் வரவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

கார்புரேட்டருக்குள் பித்தளையில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதற்கு ஜெட் என்று பெயர். அதன் நடுவில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு துளை. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகவேண்டும். துளையைச் சிறிதாக்கினால் பெட்ரோல் குறையும். சின்னத் துளை உள்ள ஜெட்டுக்கு மதராஸுக்குத்தான் எழுதவேண்டும். அதுவரை பொறுமை இல்லை அவருக்கு. உபரியாக இருந்த ஒரு ஜெட்டின் துளையை ஈயத்தால் அடைத்தார். கொடைக்கானல் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் போய் ஊசி போன்ற துளைக்கருவி ஒன்றை இரவல் வாங்கிவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நான் ஜெட்டைக் குறட்டில் பிடித்துக்கொள்ள, விரலாலேயே உருட்டி உருட்டித் துளைத்தார். நாலு தடவை கெட்டுப்போயிற்று. ஐந்தாவது துளை நேராக விழுந்தது.

அதை மாட்டிக்கொண்டு வெள்ளி அருவிப் பக்கம் மேலே ஏறிப் போனார். நான் ரோட்டோரத்தில் நின்று கேட்டேன். வளைவு வளைவாகச் சத்தம் மறைந்தும் தெரிந்தும் போயிற்று. ஐந்தாவது அடி இருந்தது. ஆறாவதும் இருந்தது. அவர் திரும்பிவந்து இறங்கியபோது எனக்கு வண்டியைத் தொட்டுப் பார்க்கவேண்டும்போல இருந்தது. தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். எங்களால் விட முடியவில்லை. காற்று போதவில்லை என்றால், வரும் காற்றை ஏன் தடுக்கவேண்டும்? கார்புரேட்டரின் வாய்க்குமுன் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் காற்றை வடிகட்டக் கம்பளிபோல ஒரு துணி. மதுரைப் புழுதியெல்லாம் அதில்தான் இருந்தது. பெட்டியை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டபோது குனிந்து பார்த்தேன். வாய்க்கு ஒரு விரற்கடை வெளியே பெட்ரோல் பனிபோல நின்று ஆடியது. உள்ளே போகவேண்டியது வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது! "என்னங்க இது, ரெண்டு பக்கமும் மூச்சு விடுதா?" என்றேன். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் தரையில் முட்டிபோட்டு அந்தப் பனியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாகசுரத்தின் அடியில் விரிந்த வாயை அணசு என்போம். அதுபோல ஒன்றை இங்கே வைத்தால் அந்தப் பனி சிந்தாமல் உள்ளே போகுமே என்று தோன்றியது. மண்ணெண்ணெய் ஊற்றும் அலுமினியப் புனலை எடுத்துவந்தேன். அவர் காம்பை வெட்டி, ஓரத்தை வெளிப்புறமாகச் சுருட்டித் தட்டி, வாயில் பொருத்தினார். தூசி போகாமல் கம்பிவலை ஒன்று. உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்த சத்தம் தணிந்து, நீளமாக மூச்சிழுப்பதுபோல ஆயிற்று. அணசு காற்று வெளியே போகும் வாயில் இருப்பது. இங்கே உள்ளே வரும் வாயில் வேலை செய்தது. ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கும் பாதிதான் தெரியும்.

பிறகு சைலன்சர். அதை இரும்பறுக்கும் வாளால் அறுத்துப் பார்த்தார். உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தட்டுகள், இடையிடையே கரி. புகை நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போகும்படி வைத்திருந்தார்கள். "இவ்வளவு தடை எதுக்கு?" என்று எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, தகடை உருட்டிக் கூம்பாக்கிப் பற்றவைத்து, வெறும் குழாயின் முனையில் மாட்டினார். இப்போது வெளியே போகிற பக்கத்திலும் ஒரு அணசு.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல! வண்டியை உதைத்ததும் ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இவருக்கோ தரையில் கால் பாவவில்லை. முறுக்கி முறுக்கி விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்கும் பிடித்திருந்தது, மறைக்கமாட்டேன்.

நாலாவது நாள் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வில்பட்டிக்குப் போனார். வழியில் ஒரு சரிவு. முன்னால் இரண்டு பொதிக்குதிரைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு சாக்கு காரட். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நடுத்தர வயதுப் பெண். குதிரைகளைப் பார்த்ததும் இவர் நல்லபிள்ளையாக வேகத்தைக் குறைத்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. ஆக்சிலேட்டரை விட்டதும் குழாய்க்குள் படபடவென்று வெடித்தது. முன்னால் போன குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. கட்டு அவிழ்ந்தது. சரிவு முழுக்கக் காரட்.

அந்தப் பெண் முதலில் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து அமர்த்தினார். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏலே, வண்டி ஓட்டுறியா, வேட்டுப் போடுறியா? வெள்ளனே எந்திரிச்சுக் களைஞ்சு கழுவிக் கட்டுனது எல்லாம் மண்ணுல கெடக்கு பாரு!"

இவர் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். மூன்று பேரும் புதருக்குள் இறங்கிக் காரட்டைப் பொறுக்கினோம். நான் ஓடையில் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். சாக்கு நிறைய நிறைய அந்த அக்காவின் கோபமும் தணிந்தது. அப்போது மெதுவாகக் கேட்டேன்: "அக்கா, லாரியெல்லாம் இதைவிடச் சத்தமா வருதே. அதுக்கு உங்க குதிரை மெரளாதா?"

"லாரி தூரத்துலயிருந்தே உறுமிக்கிட்டு வரும்த்தா. கிட்ட வரவரக் கூடும். குதிரைக்குத் தெரிஞ்சுபோகும். இது அப்படியா? சும்மா வந்து படக்குன்னு வெடிக்குது. நெனைக்காத நேரத்துல வெடிச்சா நீ மெரள மாட்டியா?"

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சத்தம் பெரிதாக இருப்பது ஒரு சங்கதி. சத்தம் எதிர்பாராமல் வருவது வேறு. வெடி ஏன் ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும் வருகிறது? மறுநாள் அவர் இன்ஜினை ஓடவிட, நான் ஊதுபத்தியைக் கொளுத்திக் குழாயின் நீளம் முழுக்கக் காட்டிக்கொண்டே வந்தேன். குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை சடாரென்று உள்ளே இழுபட்டது. அங்கே சன்னமான ஒரு இடைவெளி. வெளிக்காற்று அதன் வழியாகப் புகுந்து, ஆக்சிலேட்டரை விடும்போது எரியாமல் மிச்சப்படும் பெட்ரோலைக் குழாய்க்குள்ளேயே எரித்துவிடுகிறது. சூடு தாங்கும் கல்நார்க் கயிற்றை முறுக்கிச் சுற்றி இறுக்கியதும் வெடி நின்றது. கூம்பையும் கழற்றி, பழைய சைலன்சர் கூட்டில் இரண்டு தட்டுகளை மட்டும் வைத்துத் திரும்பப் பற்றவைத்தார். அடுத்த வாரம் அதே அக்கா, அதே குதிரைகள். நாங்கள் பக்கத்தில் போனபோது குதிரை காதை மட்டும் திருப்பியது. "இப்ப மனுசன் வண்டி மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

இதெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து என் தங்கைக்குப் பரிசம் போடுவதாகப் பழனியிலிருந்து கடிதம் வந்தது. வண்டியிலேயே போவோம் என்றார். வத்தலக்குண்டு வரை இறக்கம், இன்ஜினுக்குச் சிரமமே இல்லை. செம்பட்டி தாண்டியதும் சமவெளி ரோட்டில் வேகமாக விட்டார். நல்ல வெயில். கொஞ்ச தூரத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. இன்ஜினின் சத்தத்துக்குமேல், கண்ணாடி வளையல் குலுங்குவதுபோல, மெல்லிய கிணுகிணுப்பு.

"என்னங்க, ஏதோ கிணுகிணுங்குது. நிறுத்துங்க."

"காத்துல என்னமோ கேக்குது உனக்கு. வெரசாப் போயிரலாம்."

இரண்டாவது முறை நான் முதுகில் தட்டிச் சொல்வதற்குள் பின்சக்கரம் இறுகிவிட்டது. வண்டி கிறீச்சென்று இழுத்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே போயிற்று. அவர் கிளட்சைப் பிடித்துவிட்டார், அதனால் விழவில்லை. ஒரு புளியமரத்தடியில் போய் நின்றோம். இன்ஜினின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாத சூடு. உதைத்தால் உதைக்கட்டை அசையவில்லை. உள்ளே பிஸ்டன் சூட்டில் வீங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணிநேரம் ஆறவிட்டு, துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினார். பார்த்தால் சுண்ணாம்புபோல வெள்ளை. வண்டி வந்த புதிதில் கரியாக இருந்ததும் இதே இன்ஜினின் பிளக்தான்.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "இங்க காத்து கெட்டிங்க" என்றேன். "நாம மலைக்காத்துக்குன்னு போட்ட துளை. இங்க காத்து நெறைய வருது, பெட்ரோல் போதலை."

"அதுலயும் புனலை வேற வச்சுத் தொறந்துவிட்டிருக்கோம்" என்றார் அவர். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். பெரிய துளை ஜெட் பெருமாள்மலையில் ஷெட்டு ஜன்னலில் பத்திரமாக இருந்தது.

பெட்ரோலைக் கூட்ட வழியில்லை. காற்றைக் குறைக்கலாமே? என் கைப்பையிலிருந்த ஒரு கைக்குட்டையைப் புனலின் வாயில் பாதி மூடும்படி கட்டினார். ஆறிய இன்ஜின் இரண்டாவது உதையில் கிளம்பியது. கிணுகிணுப்பு கொஞ்சம் இருந்தது. கைக்குட்டையை இன்னும் ஒரு விரல் நகர்த்தச் சொன்னேன். குறைந்தது. இன்னும் கொஞ்சம். நின்றுவிட்டது. அதற்குமேல் நகர்த்தியபோது பழைய இருமல் வந்தது. "இதுதான், இப்படியே கட்டுங்க" என்றேன். அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு மாட்டுவண்டிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போனோம். பரிசத் தட்டு மாற்றி முடிந்து, இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. என் தங்கை என் முகத்தில் இருந்த கரியைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தாள். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பியதும் பிஸ்டனைப் பிரித்து, கீறல்களை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து எடுத்தார். பின்பு இரண்டு ஜெட் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கீழே இறங்கும்போது மலைப்பாதையில் இருக்கும் ஊத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பெரியதை மாட்டுவோம். ஏறிவரும்போது அதே இடத்தில் சிறியதை. பத்து நிமிஷ வேலை. எதிரே வரும் பஸ் டிரைவர்கள், "என்னங்க, வண்டிக்கு வேட்டி மாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கடைசியாக மிச்சமிருந்தது புகைக்குழாயின் நீளம். குழலின் நீளம் மாறினால் சுருதி மாறும் என்பது எனக்குத் தெரியும். இன்ஜின் குழாய்க்கும் அப்படி ஏதாவது உண்டா? அவர் ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைந்து நகரும்படி செய்து, இரண்டு விரற்கடை இடைவெளியில் கோடுகள் போட்டார். ஆனால் ஓட்டுகிறவருக்கு வெளிச்சத்தம் சரியாகக் கேட்காது. நின்று கேட்கிறவருக்கு இழுவை தெரியாது. "நீங்க ஒரு தடவை நின்னு கேளுங்க. நான் ஓட்டுறேன்" என்றேன்.

அவர் விளையாட்டு என்று நினைத்தார். ஒரு வாரம் ஷெட்டுக்கு மேலே சமமாக இருந்த துண்டு ரோட்டில் ஓட்டிப் பழகினேன். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மேலே அவருடைய பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் முதல் நாள் எழுந்து நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஒரு காலையில், பனி விலகியதும், ஒவ்வொரு கோட்டிலும் குழாயை நிறுத்தி அதே ஏற்றத்தை அதே கியரில் ஏறினேன். ஏழு தடவை. அவர் வளைவில் நின்று கேட்டார். கடைசியில் இறங்கிவந்ததும், "ரெண்டாவது கோடுதான். என்னா நாதம்! கணீர்னு இருந்துச்சு" என்றார்.

"இல்லைங்க, அஞ்சாவது" என்றேன்.

"அஞ்சாவதா? அது மந்தமா, பானைக்குள்ள பேசுற மாதிரில்ல இருந்துச்சு!"

"இருக்கட்டும். அந்தக் கோட்டுலதான் வளைவு முடிஞ்சதும் தானா மேல இழுத்துச்சு. ரெண்டாவதுல சத்தம் முன்னால போகுது, வண்டி பின்னாலயே நிக்குது."

அவர் நம்பவில்லை. கம்பளிக் கோட்டை என்னிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு கோடுகளிலும் குழாயை நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து வண்டியை ஸ்டாண்டில் போட்டார்.

"அஞ்சாவதுதான் இழுக்குது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா நாகசுரக்காரர் பொண்ணு நீ. நீயா இந்த மந்தச் சத்தத்தைக் கேக்குற?"

எனக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. கீழே நின்றிருந்தால் நானும் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பேன். மேலே உட்கார்ந்தபோது காதில் விழுந்தது காற்றுதான். வண்டியின் சங்கதி முழங்காலிலும் பாதத்திலும் வந்தது. அப்படிக் கேட்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஐந்தாவது கோட்டில் குழாயைப் பற்றவைத்துவிட்டோம். என் மூத்த மகள் பிறக்கும் வரை வண்டி அப்படியே ஓடியது. பிறகும் பல வருஷம். வில்பட்டிக்கு அவர் போக முடியாத நாட்களில், பம்புக்கு வேண்டிய சாமானை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தடவை நான் தனியாகப் போனபோது, காரட் அக்கா கயிற்றைப் பிடித்தபடி ரோட்டோரம் ஒதுங்கி நின்று, என்னையும் வண்டியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, பயமா இல்லியா?"

"இல்லைக்கா."

"அப்ப ஒரு நாள் என்னையும் பின்னால ஏத்திக்கிட்டுப் போ. குதிரை என்னத்தைப் பாத்து மெரண்டுச்சுன்னு நானும் பாக்கணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கியருக்கும் "இப்ப என்ன பண்ணுன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.